கலாம் வீட்டுக்குப் போனா யாரைத் தேடணும்

ராம்நாட்டுக்காரனா பொறந்தா ஒரு தலையெழுத்து இருக்கு, வெளியூர்ல இருந்து எந்தச் சொந்தம் வந்தாலும் ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போயே ஆகணும். இந்த லீவுக்கு திருப்பூர்ல இருந்து சித்தி குடும்பம். 22 தீர்த்தமும் ஆடி தரிசனமும் முடிஞ்சு இன்னும் தலைகூட காயல, அதுக்குள்ள சித்தி பையன் "கலாம் வீடு எங்கண்ணே"ன்னு நச்சரிக்க ஆரம்பிச்சிட்டான்.

மசூதி தெருவுல தான் இருக்கு. ஆட்டோக்காரர்கிட்ட கலாம் வீடுன்னா போதும். நிறைய பேர் பழைய காலத்து ஓட்டு வீடு ஒண்ணை நினைச்சுட்டு வந்து ஏமாந்து போறாங்க. 19ஆம் நூற்றாண்டு நடுவுல சுண்ணாம்பும் செங்கல்லும் வச்சுக் கட்டின வீடுன்னு அவரே எழுதியிருக்காரு, ஆனா இப்ப நிக்கிறது மாடி மேல மாடி எடுத்த கட்டடம். மியூசியம் மாடில, போட்டோ, விருது, பட்டம்னு சுவர் நிறைய. 1997ல பாரத ரத்னா, 2002ல ஜனாதிபதி, எல்லாம் நமக்குத் தெரிஞ்ச கதை தானே. கூட்டம் ஒரு சுத்து சுத்திட்டு செல்ஃபி எடுத்துட்டு சங்கு சிப்பி வாங்கக் கிளம்பிடுது.

எனக்கு அங்க போனா கலாமை விட அவர் அப்பா ஜைனுலாப்தீன் ஞாபகம் தான் வரும். விடியக்காலை 4 மணிக்கு எழுந்து தொழுதுட்டு, 4 மைல் தள்ளி இருந்த தென்னந்தோப்புக்கு நடந்தே போய், ஒரு டஜன் தேங்காயைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து தான் காலை சாப்பாடாம். பள்ளிவாசல்ல தொழுகை முடிஞ்சு அவர் வெளிய வர்றப்போ ஜனங்க கிண்ணத்துல தண்ணியோட நிப்பாங்க, விரலை அதுல நனைச்சு துஆ ஓதிக் குடுப்பாராம், அதைக் கொண்டுபோய் வீட்டுல உடம்பு முடியாதவங்களுக்குக் குடுப்பாங்க. பெரிய கோயில் குருக்கள் பக்ஷி லட்சுமண சாஸ்திரி அவருக்கு நெருங்கிய சிநேகிதர். சீதா ராமர் கல்யாணத்துக்கு ராமதீர்த்தக் குளத்து நடுவுல சாமியைக் கொண்டுபோற படகு ஏற்பாடு இவங்க குடும்பத்தோடது. இதை சித்திகிட்ட சொன்னதும் "அப்படியா!"ன்னு தெருவுலயே நின்னுட்டாங்க, பின்னாடி வந்த பைக்காரர் ஹாரன் அடிச்சுத் தீர்த்துட்டாரு.

பையனுக்குப் பிடிச்சது புளியங்கொட்டை மேட்டர். 1939ல ரெண்டாம் உலகச் சண்டை ஆரம்பிச்ச நேரம், திடீர்னு புளியங்கொட்டைக்கு கிராக்கி, எட்டு வயசு கலாம் அதைப் பொறுக்கி இதே தெரு மளிகைக் கடைல போட்டு ஒரு நாளைக்கு ஓரணா சம்பாதிச்சிருக்காரு. அப்புறம் சண்டை முத்தினதும் ராமேஸ்வரத்துல ரயில் நிக்காது, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல ஓடுற ரயில்ல இருந்தே பேப்பர் கட்டைத் தூக்கிப் போடுவாங்க, ஊருக்கு பேப்பர் போட்ட ஒண்ணுவிட்ட அண்ணன் சம்சுதீனுக்கு அதைப் பிடிச்சுக் குடுக்குறது இவர் வேலை. "அந்த தண்டவாளத்தைப் பாக்கலாமாண்ணே?"ன்னான். எங்க பாக்குறது, 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி லைனே போயிருச்சேடா.

நான் படிச்சதும் ராம்நாடு ஸ்வார்ட்ஸ் ஸ்கூல்ல தான், கலாம் ஹைஸ்கூல் படிச்ச அதே ஸ்கூல். எங்க வாத்தியாருங்க இதைச் சொல்லிச் சொல்லியே எங்களை அடிச்சாங்க, அது தனிக் கதை.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், முதல்ல வீட்டுக்குப் போயிட்டு, ஊருக்குத் திரும்புற வழியில பேக்கரும்பு நினைவிடத்தைப் பாருங்க. 2015 ஜூலைல அவரை அடக்கம் பண்ணின இடம், ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓ கட்டி 2017ல திறந்தாங்க. நல்ல பிரம்மாண்டம், ராக்கெட், ஏவுகணை மாதிரிகள் எல்லாம் உண்டு. ஆனா அதை மொதல்ல பாத்துட்டா வீடு சப்புனு தெரியும். இவ்வளவு கதை சொன்ன பிறகும் சித்தி பையன் அங்க போனதும் ராக்கெட் பக்கம் தான் ஓடினான், அவன் வயசுல நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.