எட்டு லட்சத்துக்குள் ஒரு டர்போ ஹேட்ச்பேக்: ஐந்து மாதத் தேடல்

வீடு கோவையில், வேலை திருப்பூரில். வாரத்தில் மூன்று நாள் போய்வர வேண்டும். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மற்ற நாட்களில் கார் மனைவியிடம். அவர் பீளமேட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாதத்தில் ஒரு ஞாயிறு மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி ஏறுவோம். எல்லாம் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர் வரும். பன்னிரண்டு வருடம் ஓட்டிய பழைய காரைக் கொடுத்துவிட்டு, இந்த முறையாவது ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே மனசு குளிர்கிற ஒரு காரை வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கையில் எட்டு லட்சம். புதிதாக வாங்க அது போதாது, அதனால் செகண்ட் ஹேண்ட்தான்.

கோவைக்காரனுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2018-இல் வந்த டியாகோ ஜேடிபி காரே இந்த ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து உருவாக்கியதுதான். 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன். முதலில் அதைத்தான் தேடினேன். விற்றதே குறைவு, வைத்திருப்பவர்கள் லேசில் விடுவதில்லை. அப்புறம் அதில் மேனுவல் மட்டும்தான். வீட்டில் அங்கேயே பேச்சு நின்றுவிட்டது.

என் மனைவிக்கு இடது முழங்காலில் பழைய வலி. "என்னங்க, நீங்க ஆசைப்பட்டதை வாங்குங்க. ஆனா கிளட்ச் மிதிக்கிற வண்டின்னா நான் தொடமாட்டேன், மறுபடி ஸ்கூட்டர்தான்" என்று சொல்லிவிட்டார். அவிநாசி சாலையில் மேம்பால வேலை நடந்த காலத்தில் ஹோப் காலேஜிலிருந்து லட்சுமி மில்ஸ் வருவதற்குள் எத்தனை முறை கிளட்ச் மிதித்திருப்போம் என்பது எனக்கும் தெரியும். நியாயமான பேச்சு.

சரி என்று ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தேன். மேனுவலில் பலேனோ ஆர்எஸ்: 2017-இல் வந்தது, ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ இன்ஜின், எடை 950 கிலோதான், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அபார்த் புன்டோ: 145 குதிரைத்திறன். நினைத்தாலே கை துறுதுறுக்கும், ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்ட பிறகு உதிரி பாகத்துக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. ஆட்டோமேட்டிக்கில் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2 லிட்டரும் 2020-க்குப் பிறகு வந்த 1.0 லிட்டரும். ஃபோர்டு ஃபிகோ 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக். 2021-இல் வந்த ஐ20 என் லைன், நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்தது, 120 குதிரைத்திறன். அதிலேயே கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி என்ற ஒரு கியர்பாக்ஸும் உண்டு. கியரை நாமே மாற்ற வேண்டும், கிளட்சை வண்டி பார்த்துக்கொள்ளும். மனைவிக்கு அது ஒத்துவரும் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, பாதி வேலையை மட்டும் எனக்கு வைத்திருக்கிறார்கள் என்றார்.

டீசலையும் பார்த்தேன். போலோ ஜிடி டிடிஐயின் 250 நியூட்டன் மீட்டர் இழுவைக்கு நான் அடிமை. லிட்டருக்கு 18 தாராளமாக வரும், மாத எரிபொருள் செலவில் மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கமாக மிச்சம். ஆனால் டீசல் கார் வாங்கினவர்கள் ஓட்டுவதற்கென்றே வாங்கினவர்கள். நான் பார்த்த நான்கு வண்டியும் ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது அந்த இன்ஜினே நின்றுவிட்டதால் அதற்குப் பிந்திய வண்டி கிடைக்கவும் கிடைக்காது. போதாததற்கு, அதுவும் மேனுவல்தான்.

இந்த இடத்தில் நான் ஒரு மாதம் வீணாக்கினேன். மைலேஜை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கம்பெனி சொல்லும் ஏஆர்ஏஐ சோதனைக் கணக்கில் ஐ20 என் லைன் டிசிடிக்கு (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) 20.25, போலோ 1.0 மேனுவலுக்கு 18.24, அதே போலோ ஆட்டோமேட்டிக்குக்கு 16.47. இதை வைத்துப் பார்த்தால் டிசிடிதான் வாங்க வேண்டும்: ஆட்டோமேட்டிக்கும் ஆச்சு, மைலேஜும் ஆச்சு, கியர் மாறும் வேகமும் கண் இமைக்கும் நேரம்தான்.

அப்படி ஒரு டிசிடி காரைப் பார்க்கப் போனேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பளபளவென்று இருந்தது. விற்பவர் டிஸ்ப்ளேயில் சராசரி மைலேஜ் 19 என்று காட்டினார். நெடுஞ்சாலையில் ஏறியதும் அந்த மீட்டரை ரீசெட் செய்து நிதானமாக இருபது கிலோமீட்டர் ஓட்டினால் எந்தக் காரும் 19 காட்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நல்ல வேளையாக, கணபதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தெரிந்த அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் மைலேஜ் மீட்டரைப் பார்க்கவே இல்லை. காரை ஒரு ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸில் மெதுவாக ஏற்றினார். காரின் அடிவயிற்றில் ஒரு நடுக்கம் தெரிந்தது. பிறகு நெரிசலில் ஊர்வது மாதிரி முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே பத்து முறை ஓட்டினார். நான்காவது, ஐந்தாவது முறையில் 'டொக்' என்று ஒரு தட்டல்.

"தம்பி, மைலேஜ் உங்க கால்ல இருக்குதுங்க. நீங்க நினைச்சா கூட்டலாம், குறைக்கலாம். கியர்பாக்ஸை முன்னாடி ஓட்டுனவர் ஓட்டி முடிச்சுட்டாரு, அதை நீங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அந்தக் காருக்குக் கிளட்ச் செட்டும் அதை இயக்கும் மெகட்ரானிக் யூனிட்டும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றரை முதல் இரண்டு லட்சம் என்றார்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பழைய 1.2 போலோ, ஃபிகோ, என் லைன் மூன்றிலுமே இருப்பது உலர் வகை இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. எண்ணெயில் நனையாததால் உராய்வு இழப்பு குறைவு, அதனால்தான் மைலேஜ். ஆனால் அதே காரணத்தால் சூட்டை எடுத்துப் போக எண்ணெயும் இல்லை. நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்து சூடாகிறது. திறந்த சாலையில் 60,000 கிலோமீட்டர் ஓடிய டிசிடியும் நகர நெரிசலில் 30,000 ஓடிய டிசிடியும் ஓடோமீட்டர் சொல்வதற்கு நேர்மாறான நிலையில் இருக்கலாம். புதிதாக வாங்கி, வாரண்டியோடு, நல்ல சாலையில் ஓட்டுபவருக்கு டிசிடி அருமையான பெட்டி. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வாரண்டி முடிந்த வண்டியாக வாங்கும்போதுதான் பயம்.

1.0 போலோ ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் அப்படியில்லை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. நெரிசலில் எத்தனை முறை நின்று கிளம்பினாலும் தேய ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த வழுக்கலில் கொஞ்சம் பெட்ரோல் வீணாகும். ஆனால் சீரான வேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், அதனால் நெடுஞ்சாலையில் இழப்பு குறைவு. என் ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை.

அப்போதுதான் சரியான கணக்கைப் போட்டேன். மேனுவல் போலோ எனக்கு லிட்டருக்கு 16 கொடுக்கும், டார்க் கன்வெர்ட்டர் 14 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு வித்தியாசம் பதிமூன்று லிட்டர் சொச்சம். 102 ரூபாய் விலையில் 1,370 ரூபாய். நான்கு வருடம் வைத்திருந்தால் 65,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை. ஆனால் அது எனக்குத் தெரிந்த செலவு, மாதாமாதம் கொடுத்துவிடலாம். ஒரே நாளில் இரண்டு லட்சம் கேட்கும் செலவுக்கு நான் தயாராக இல்லை. அதோடு என் மனைவி காரை ஓட்டுவார். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

ஆக, போலோ 1.0 டிஎஸ்ஐ, 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், 110 குதிரைத்திறன். 2022-இல் போலோ இந்தியாவில் நின்றுவிட்டதால் இரண்டு வருடத்தில் செய்த வண்டிகள்தான் சந்தையில். அதனால் விலையும் இறங்கவில்லை. பெங்களூரில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி இங்கே மறுபதிவு செய்து சாலை வரியும் கட்டினால் அந்த மலிவு காணாமல் போகும் என்று விட்டேன்.

இதற்கு நடுவே பார்த்த இன்னொரு காரில் ஸ்கேனரைச் செருகியபோது, ஓடோமீட்டர் 38,000 காட்ட, கண்ட்ரோல் யூனிட் ஒன்றில் அதைவிட அதிகக் கிலோமீட்டரில் பிழைப் பதிவு இருந்தது. பேச்சு வார்த்தையே இல்லாமல் திரும்பினோம். டர்போ கார்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ரீமேப். இன்ஜின் மென்பொருளை மாற்றி முப்பது குதிரைத்திறன் கூட்டி இரண்டு வருடம் விரட்டிவிட்டு, விற்கும் முன் பழையபடி மாற்றிவிடுவார்கள். வெளியில் தெரியாது. சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம், மாற்றிய ஏர் ஃபில்டர் பெட்டி, முன் டயர் மட்டும் தேய்ந்து பின் டயர் புதிதுபோல் இருப்பது, இவைதான் காட்டிக் கொடுக்கும். டயர் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடிய மூன்று வருட வண்டியில் நான்கும் புது டயர் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

கடைசியில் கோவை ராமநாதபுரத்தில் ஒரு ஓய்வு பெற்ற வங்கி அலுவலரின் கார். 2021 மாடல், 41,000 கிலோமீட்டர், முதல் உரிமையாளர். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தபோது மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கே உரிய லேசான அதிர்வு, வேறு சத்தமில்லை. பார்க்கில் இருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றியதில் தாமதமோ தட்டலோ இல்லை. சர்வீஸ் பில்களை ஒரு கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். விலையில் பத்தாயிரம்தான் குறைத்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் கோப்புக்கே அந்தப் பணம் தகும்.

ஆர்சியில் வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தது. கடனை அடைத்துவிட்டார், படிவம் 35 கொடுக்க மறந்திருக்கிறார். அதை முடித்த பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து. இன்சூரன்ஸையும் கையோடு பெயர் மாற்றினேன். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) நமக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டரில் சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்குப் போகிற சாலை. ஏறும்போது நான் ஓட்டினேன். எஸ் (ஸ்போர்ட்) மோடில் போட்டதும் கியரைப் பிடித்து வைத்துக்கொண்டு வளைவிலிருந்து இழுத்த இழுவையில் பேச்சு வரவில்லை. டிசிடியின் சுறுசுறுப்பு இல்லை என்பது உண்மை. மிதித்த பிறகு ஒரு கணம் யோசிக்கிறது. இரண்டு வளைவுக்குள் அதற்கு முன்கூட்டியே மிதிக்கப் பழகிவிட்டேன். இறங்கும்போது மனைவி ஓட்டினார். கியரை இரண்டில் பூட்டி, பிரேக்கை அவ்வளவாகத் தொடாமல் மேட்டுப்பாளையம் வரை கொண்டுவந்து, வண்டியை நிறுத்தி முழங்காலை நீட்டி மடக்கிக் காட்டினார்.

ஆறு மாதமாக ஒரே பெட்ரோல் பங்கில், தானாக நிற்கும்வரை நிரப்பி, நோட்டில் எழுதி வருகிறேன். டவுனில் மட்டும் ஓடிய வாரம் 10.5, திருப்பூர் ஓட்டம் மட்டும் என்றால் 16. நேற்று எழுதிய வரி: 541 கிலோமீட்டர், 38.2 லிட்டர், 14.2.