பதிமூன்று மீட்டர் மாத்திரை

வாரம் ஐந்து நாள் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள், விடுமுறை நாளிலும் மாத்திரை பார்க்கப் போவாளா? போனேன். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 24ஆம் அறை. கூட்டமெல்லாம் ஈஸ்டர் தீவுச் சிலையைச் சுற்றித்தான். நான் தேடிப்போனது நீண்ட கண்ணாடிப் பேழைக்குள் விரித்திருந்த இரண்டு வலைத்துணிகளை. ‘தொட்டிலிலிருந்து கல்லறை வரை’ என்று பெயர். துணிக்கலைஞர் சூசி ஃப்ரீமன், வீடியோ கலைஞர் டேவிட் கிரிச்லி, மருத்துவர் லிஸ் லீ ஆகிய மூவரும் 2003இல் செய்தது.

மெல்லிய நைலான் இழையில் பின்னிய குட்டிப் பைகள், அவற்றுக்குள் மாத்திரைகள். ஆணுக்கு ஒரு துணி, பெண்ணுக்கு ஒரு துணி. ஒவ்வொன்றும் 13 மீட்டர், ஒவ்வொன்றிலும் 14,000க்கு மேல். பிரிட்டனில் ஒருவருக்கு வாழ்நாளில் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் சராசரிக் கணக்கு அது. நாமாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதையும் சேர்த்தால் 40,000 ஆகுமாம். (கண்ணிமைக்கும் நேரத்துக்கும் நம் இலக்கணத்தில் மாத்திரை என்றே பெயர். பள்ளியில் படித்தது அங்கே நினைவுக்கு வந்தது.)

தொழில் பழக்கம் விடவில்லை. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மருந்தின் பெயரை முணுமுணுத்தபடியே நடந்தேன். பெண்ணின் துணியில் கருத்தடை மாத்திரைகள் வரிசைகட்டுகின்றன. பின்னால் ஹார்மோன் மாத்திரைகள். மார்பகப் புற்றிலிருந்து மீண்டு, 82 வயதிலும் அவள் இருக்கிறாள். ஆண் 76இல் பக்கவாதத்தில் இறந்துபோகிறான். முதல் 66 ஆண்டுகளில் விழுங்கிய அளவு மாத்திரையைக் கடைசிப் பத்தே ஆண்டுகளில் விழுங்கியிருக்கிறான். அந்த முனையில் வலை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கம்.

‘விழுங்கியிருக்கிறான்’ என்று எழுதிவிட்டேன். தவறு. எழுதிக்கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் அந்தத் துணிக்குத் தெரியும். விழுங்காதவை எங்கள் கடைக்குத் திரும்பி வரும். போன மாதம் ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவின் மருந்துகளை இரண்டு பை நிறையக் கொண்டுவந்தார். ‘எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன் என்றுதான் என்னிடம் சொல்வார்’ என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் போனபிறகு பெட்டிகளைத் திறந்தேன். இரத்த அழுத்த மாத்திரை பதினோரு பெட்டி, ஒரு அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை. தூக்க மாத்திரைப் பெட்டி மட்டும் காலி. திரும்பி வந்த மருந்தை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. அழிப்பதற்கான வாளியில் ஒவ்வொரு அட்டையாகப் போட்டு, மூடியை அழுத்தி மூடினேன்.