கரடிப் பெட்டிக்கு ஒரு பூட்டு

நேற்றிரவுதான் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலிருந்து திரும்பினோம். மூட்டைகளை இன்னும் பிரிக்கவில்லை. முதுகுதான் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கிறது.

அப்பர் பைன்ஸ் முகாமில் கூடாரம் போட இடம் பிடிப்பது ஒரு தவம். ஐந்து மாதத்துக்கு முன்பே, 15-ஆம் தேதி காலை சரியாக 7 மணிக்குக் கணினி முன்னால் விரலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூக்கைச் சொறிந்தால் இடம் போய்விடும். இவர் மூன்று கைப்பேசி, இரண்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கோலம் தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்குப் புரியும். கிடைத்ததும் போட்ட கூச்சலில் பாதியைக்கூட எங்கள் நிச்சயதார்த்தத்தன்று போடவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன். ஓர் இடத்துக்கு 6 பேர்தான் அனுமதி. நாங்கள் நால்வர், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவும் அத்தையும் இருவர். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"ஓர் இரவுக்கு 36 டாலரா? அவ்வளவு கொடுத்துத் தரையில் படுக்க வேண்டுமா? தரை நம் ஊரிலேயே இருக்கிறதே" என்றார் மாமா. அவர் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி வெகு நாளாகிறது.

முகாமில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. வாசனை உள்ள எதுவானாலும் அதற்குள் போய்விட வேண்டும். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, வெயிலுக்குப் பூசும் களிம்பு எல்லாமே. காரில் வைத்தால் அங்குள்ள கரடிகளுக்குக் கார்க் கதவு அப்பளம். சின்னவன் அறிவிப்புப் பலகையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மோப்ப நாயாக மாறி ஒவ்வொருவராக முகர்ந்து வந்தான்.

அத்தையின் பைக்கு வந்ததும் மூச்சு முட்டி நின்றான். புளிக்காய்ச்சல், ஆவக்காய், வடகம். பெருங்காயத்தில் கட்டி ஒன்று, தூள் ஒன்று. இரண்டு நாள் காட்டுக்கு எதற்கு இரண்டு பெருங்காயம் என்று கேட்டதற்கு, "ரசத்துக்குக் கட்டி, மோருக்குத் தூள்" என்று, இதுகூடத் தெரியாமல் எப்படி மருமகளாக வந்தாய் என்ற குரலில் சொன்னார். கடைசியாக அமிர்தாஞ்சனம். அது புட்டியில் இருப்பதைவிட அத்தையின் நெற்றியில்தான் அதிகம் இருக்கும்.

"அப்படியானால் என்னையும் அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்" என்றார் அத்தை.

மாமா ஒரு கணம் பெட்டியையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பூட்டு! நல்ல யோசனை" என்றார்.

அதற்குப் பூட்டே தேவையில்லை. விரலை உள்ளே நுழைத்துத் தூக்கினால்தான் கொக்கி விடுபடும்; கரடியின் பாதம் நுழையாது. "கரடி சரி, மனிதன்?" என்று கேட்டார் மாமா. ரயிலில் பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, அதன்மேல் காலையும் வைத்துக்கொண்டு தூங்கிய பரம்பரை. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் அந்தப் பழைய பூட்டு அமெரிக்காவரை வந்திருந்தது.

இருட்டுவதற்குள் குளித்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். முகாமில் குளியலறை கிடையாது, கரி வில்லேஜுக்குப் போக வேண்டும். "கறி வில்லேஜா? நான் குளிக்காமலே இருந்துகொள்கிறேன்" என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். அது கரி என்ற குடும்பப் பெயர், 1899-இல் அந்தத் தம்பதி கூடாரம் போட்டுத் தொடங்கிய இடம் என்று கரடியாய்க் கத்திப் பார்த்தேன். "யார் பெயராக இருந்தால் என்ன? பச்சைத் தண்ணீர்கூட அங்கே குடிக்க மாட்டேன்."

படுக்கும் நேரத்தில் மாமா சாவியைப் பத்திரமாக அத்தையின் சுருக்குப் பையில் போட்டார். சுருக்குப் பையில் கிராம்பும் ஏலக்காயும். சின்னவனின் மூக்கு சும்மா இருக்குமா? "பாட்டி, இதிலும் வாசனை வருகிறது" என்று அதைப் பிடுங்கிப் பெட்டிக்குள் எறிந்தான். கொல்லைப்புறக் கதவைச் சாத்தும் திருப்தியோடு மாமா பூட்டை அமுக்கினார். டக்.

விடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பல் தேய்க்கப் பற்பசை உள்ளே. முகம் கழுவ சோப்பு உள்ளே. காபிப் பொடி உள்ளே. காபி இல்லாததால் அத்தைக்குத் தலைவலி; தலைவலிக்கு அமிர்தாஞ்சனம், அதுவும் உள்ளே. இவர் என் கொண்டை ஊசியை வாங்கிப் பூட்டுக்குள் விட்டார். ஊசி வளைந்தது. இரண்டாவது ஊசியும் வளைந்தது. கொண்டை போட்ட நீல ஸ்டெல்லர் ஜே பறவை ஒன்று மேசையில் வந்து உட்கார்ந்து, எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கூடாரத்துக்குப் பறந்தது. அங்கே ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முகாம் ஊழியப் பெண்மணி பெரிய வெட்டுக்கத்தரியோடு வந்தார். பூட்டைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார். பாக்கு வெட்டியே போதும் என்று நினைத்திருப்பார். ஒரே நறுக். கதவு திறந்ததும் இரவு முழுக்க அடைந்து கிடந்த பெருங்காயம் ஒன்றாக வெளியே வந்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார். அந்தப் பெட்டிக்கு அடுத்து வரப்போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

இத்தனை அமர்க்களத்தில் மாமாவைக் காணவில்லை. திட்டு விழும் நேரத்தில் காணாமல் போவது அவர் வழக்கம் என்பதால் யாரும் தேடவில்லை. அரை மணி கழித்து மரங்களுக்கு நடுவே தெரிந்தார். இரண்டு கையாலும் ஒரு காகிதக் கோப்பையை ஏந்திக்கொண்டு, தீபாராதனைத் தட்டைக் கொண்டு வருகிறவர் போல மெல்ல நடந்து வந்தார். நேராக அத்தையிடம் போய் நீட்டினார்.

அத்தை ஒரு வாய் குடித்தார். "ஆறிப்போயிருக்கிறது" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "எங்கே வாங்கினீர்கள்?"

"வரும் வழியில் ஒரு கடை இருந்தது" என்றார் மாமா.

வரும் வழியில் பைன் மரங்களைத் தவிர ஒன்றுமே கிடையாது. சின்னவன் அதைச் சொல்ல வாயைத் திறந்தான். தொடையில் ஒரு கிள்ளு வைத்தேன்.