குமிழ் இல்லாமல் வந்துவிட்டது கரும்புச் சக்கைப் பலகை

ஒருவழியாகப் பலகை குமிழ் இல்லாமல் வந்துவிட்டது. ஒரு அடிச் சதுரம், நாலு மில்லிமீட்டர் கனம். எடையில் கால் பங்கு கரும்பு நார், மீதி ஷாம்பு பாட்டில் நறுக்கிய எச்டிபிஇ பிளாஸ்டிக். வெறும் பிளாஸ்டிக் பலகை நடுவில் செங்கல் வைத்ததும் தொய்ந்துவிடும். இது விறைப்பாக நிற்கிறது. ரொம்பச் சந்தோஷம்!

வித்தையெல்லாம் சக்கையின் சோற்றை, அதாவது உள்பஞ்சை, நீக்குவதில்தான். சக்கையில் தோலை ஒட்டி இருப்பதுதான் நல்ல நார். உள்ளே பஞ்சு போல இருக்கும் சோற்றுக்குப் பலமும் இல்லை, ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 150 டிகிரியில் பிரஸ்ஸில் அழுத்தும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் குமிழாகிவிடும். அதனால் முதலில் வெந்நீரில் பிசைந்து சர்க்கரையைக் கழுவிவிட வேண்டும், தங்கினால் சூட்டில் கருகும். காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சோறு தூளாக உதிரும், நார் மட்டும் கம்பி கம்பியாகக் கையில் நிற்கும். ரவைச் சல்லடையில் சலித்து, அப்புறம் முறத்தில் புடைக்கிறேன். மூக்கில் துணி கட்டாமல் உட்காராதீர்கள். மிக்ஸியில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நாரும் ஒடிந்துவிடும். ஒடிந்த நார் இடத்தை அடைக்கும், பாரம் தாங்காது.

பிளாஸ்டிக்கோடு நன்றாக ஒட்டுவதற்காக நாரை ஊறவைக்கும் காஸ்டிக் சோடாக் கரைசல் வழக்கம்போல 5 சதவீதம்தான்.

கடலூர் கடற்காற்றில் மொட்டை மாடியில் காய்ந்த நாரை நம்பவே முடியாது. ஓவனில் 100 டிகிரியில் வைத்து, தராசில் எடை குறைவது நின்ற பிறகு, சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக்கோடு கலந்து அச்சில் போட்டுவிட வேண்டும்.

சக்கை மஞ்சக்குப்பத்து ஜூஸ் வண்டி அண்ணன் தருவது. காசு வாங்க மாட்டார். காலையிலேயே எடுத்துவிடுங்கள், சாயங்காலம் புளித்துவிடும். சர்க்கரை ஆலைச் சக்கை பெரும்பாலும் கொதிகலனுக்கே போகிறது, நாரும் பொடிப்பொடியாக இருக்கும். வண்டிச் சக்கைதான் நமக்கு ராசி.

மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீன் கொஞ்சம் சேர்த்தால் நாரும் பிளாஸ்டிக்கும் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நான் கேட்ட இடத்தில் மூட்டைக் கணக்கில்தான் தருவேன் என்கிறார்கள். வீட்டில் செய்கிறவன் மூட்டையை வைத்து என்ன செய்வது? பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்து வாழை நார், பாலியெஸ்டர் ரெசினில். துறைமுகத்தில் பைபர் படகு ஒட்டுபவர்கள் வாங்கும் அதே ரெசின்தான். அடுப்பே வேண்டாம். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்டையும், அதைக் கெட்டிப்படுத்தும் பெராக்சைடையும் மட்டும் நேராகக் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். முதலில் கோபால்டை ரெசினில் கலக்கிவிட்டுத்தான் மற்றது.

இந்தப் பலகைக்கு இன்னும் விளிம்பு அறுக்கவில்லை. ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். உப்பாமல் இருந்தால் ஸ்டூலுக்கு மேல்பலகை ஆக்கிவிடுவேன்.