முழு பிரிஸ்கெட் கேட்டால் குருமாத் துண்டு கிடைத்த கதை

ஹூஸ்டனில் பல ஆண்டுகளாக வசித்தும், டெக்சஸ் மாநிலம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் புகையூட்டிய பிரிஸ்கெட்டை, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறியை, நான் கடையில் சாப்பிட்டதில்லை. பெரும்பாலான பார்பிக்யூ கடைகளில் இறைச்சி ஹலால் அல்ல. அதே அடுப்பில் பன்றி விலாவும் வெந்துகொண்டிருக்கும். ஆகவே, 2025 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வாரச் சனிக்கிழமைக்குப் பதினான்கு பேரை அழைத்துவிட்டு, வீட்டிலேயே சுட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். பதினான்கு மணி நேரம் தீயைக் காப்பதுதான் சோதனையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இறைச்சியை வாங்கி வீடு சேர்ப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது.

வழக்கமாக நாங்கள் கறி வாங்கும் கடைக்குத் திங்கட்கிழமை தொலைபேசியில் சொன்னேன். கடைக்காரர் ஹைதராபாத்காரர், என் உருது அரைகுறை. நெஞ்சுக்கறிக்கு உருதுவில் 'சீனா' என்பார்கள் என்பது தெரியும் என்பதால் அதையும் சொல்லி, 'பிரிஸ்கெட்' என்றும் சொல்லி, பதின்மூன்று பவுண்டு வேண்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை மாலை போனால், பெருநாளுக்கு அறுத்த குர்பானிக் கறிப் பொட்டலங்களுக்கு நடுவிலிருந்து என் பெயர் எழுதிய பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரே அளவில் நறுக்கிய துண்டுகள் இருந்தன. கொழுப்பு என்று சொல்ல ஒரு வெள்ளைக் கீற்றுகூட இல்லை. "உங்களுக்காக நானே உட்கார்ந்து கொழுப்பையெல்லாம் எடுத்தேன் பாய்" என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னபோது, எனக்கு எதிர்வார்த்தை வரவில்லை. நம் சமையலில் கொழுப்பை நீக்கிக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை. பிரிஸ்கெட்டிலோ அந்தக் கொழுப்புக்குத்தான் காசு கொடுக்கிறோம். 'முழுதாக, வெட்டாமல், கொழுப்போடு' என்ற மூன்று சொற்களை நான் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது என்பதால், அதன் உடல் எடையில் பெரும்பகுதியை முன்னங்கால்களோடு சேர்ந்து தாங்குவது இந்த நெஞ்சுத் தசைதான். ஓயாமல் உழைத்த தசை என்பதால் இணைப்புத் திசு மிகுந்து விறைப்பாக இருக்கும். அந்தத் திசு மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்து கூழாக உருகினால்தான் கறி இளகும். அத்தனை நேரம் கறி காய்ந்துபோகாமல் இருக்க, பெரிய துண்டும் மேற்கொழுப்பும் வேண்டும். பட்டையான 'ஃபிளாட்', அதன்மேல் அமர்ந்திருக்கும் கொழுப்பு மிகுந்த 'பாயின்ட்' என்ற இரண்டு தசைகளும் பிரியாமல் இருப்பதைத்தான் இங்கே 'பேக்கர்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

புதன்கிழமை போன இரண்டாவது கடையில், கண்ணாடிப் பெட்டிமேல் 'பிரைம் ஹலால் பிரிஸ்கெட்' என்று கையால் எழுதிய அட்டை இருந்தது. கொடுத்ததோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, கல்லாக உறைந்த, ஃபிளாட் மட்டுமே கொண்ட ஆறு பவுண்டுத் துண்டு. கொழுப்பு மஞ்சளாக இருந்தது. அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. புல் தின்று வளர்ந்த மாட்டில் புல்லின் நிறமி கொழுப்பில் தங்குவதால் அந்த மஞ்சள் வருகிறது. ஆனால் அப்படி வளர்ந்த மாட்டில் தசைக்குள் ஓடும் கொழுப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நீண்ட நேரப் புகையில் அது வறண்டுபோகும் என்ற அச்சம் எனக்கு. பிரைம் என்ற உயர்ந்த தரத்துக்கான கேடய வடிவ முத்திரை எங்கே என்று கேட்டதற்கு, வட்ட முத்திரையைக் காட்டினார்கள். வட்ட முத்திரை, இறைச்சி உண்ணத் தகுந்தது என்று அரசு ஆய்வாளர் பார்த்ததற்கு மட்டுமே சாட்சி; அது கட்டாயம். பிரைம், சாய்ஸ், செலக்ட் என்ற தரப்பிரிவு வேறு. அது விருப்பத்தின் பேரில், நிறுவனம் தனிக் கட்டணம் கொடுத்துச் செய்துகொள்வது. சிறிய ஹலால் அறுப்புக்கூடங்கள் பலவும் அந்தச் செலவைச் செய்வதில்லை. ஆகவே முத்திரை இல்லாததாலேயே கறி மட்டம் என்று ஆகிவிடாது. அட்டையில் பொய் எழுதுவதுதான் குற்றம். தவிர, அந்தத் தரம் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது விலா எலும்புகளுக்கிடையே வெட்டிப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவது; நெஞ்சுப் பகுதியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. முத்திரை இருந்தாலும் நம் கண்ணும் கையும் வேலை செய்தே ஆக வேண்டும்.

வெறுங்கையோடு திரும்பினேன். அந்தக் கடைச் சுவரில் தொங்கிய ஹலால் சான்றிதழின் காலக்கெடு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்ததையும் அன்றுதான் கவனித்தேன். அதிலிருந்து நான் சுவரைப் பார்ப்பதில்லை. இறைச்சி வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்கிறேன். பெட்டியின் வட்ட முத்திரைக்குள் அறுப்புக்கூடத்தின் எண் இருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் இணையப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் கூடத்தின் பெயர் தெரிந்துவிடும். அதே பெயர் சான்றிதழிலும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மயக்கமூட்டாமல் கையால் அறுத்ததா என்பது உங்களுக்கு முக்கியம் என்றால், அதைத் தனியாகக் கேளுங்கள். சான்றளிக்கும் அமைப்புகளிடையே இதில் ஒருமித்த விதி இல்லை.

வியாழக்கிழமை, முப்பது மைல் தள்ளியிருந்த மூன்றாவது கடைக்குப் புறப்படுமுன், மூன்று சொற்களையும் இருமுறை சொல்லி, கத்தி வைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அங்கே பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். காற்று நீக்கிய உறையில் மூன்று பேக்கர்கள் இருந்தன. நிறம் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து இருந்ததைக் கண்டு பயப்பட வேண்டாம். உறையைப் பிரித்துக் காற்றுப் பட்டால் சிறிது நேரத்தில் சிவந்துவிடும். ஒன்றின் உறை தளர்ந்து, அடியில் நிறைய நீர் தேங்கியிருந்தது, அதை ஒதுக்கினேன். மற்ற இரண்டையும் நடுவில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். நன்றாக வளைவதே நல்லது என்று எல்லோரும் சொல்லும் சோதனை இது. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. குளிர்ந்த கொழுப்பு எந்தக் கறியையும் விறைக்க வைக்கும். நான் பெரிதாகப் பார்த்தது ஃபிளாட்டின் கனத்தைத்தான். முனையில் ஓரங்குலமாவது இருக்க வேண்டும். காகிதமாக மெலிந்து முடிந்தால் அந்தப் பகுதி கருகிப்போகும், வெட்டி எறியத்தான் வேண்டும். இரண்டு தசைகளுக்கும் நடுவே ஆப்புபோல் நிற்கும் கெட்டிக் கொழுப்பு உருகாது என்பதால், அது சிறியதாக உள்ளதையே தேர்ந்தேன். எடை 13.6 பவுண்டு. எடுத்துச் செல்லும்போது, "மேல்கொழுப்பைச் சீவித் தரட்டுமா?" என்று கடைப் பையன் கத்தியோடு வந்தான், பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

வீட்டில் பிரித்தபோது லேசான புளித்த வாடை வந்து, சில நிமிடங்களில் மறைந்தது. மறையாமல் நின்றிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். மேற்கொழுப்பைக் கால் அங்குலம் விட்டுச் சீவி, உப்பும் மிளகும் தடவி, வெள்ளி இரவு ஓக் விறகில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏற்றினேன். 160 டிகிரியில் உட்சூடு நான்கு மணி நேரம் அசையாமல் நின்றதைத் தவிரக் குறை சொல்ல எதுவுமில்லை. 203 தொட்டபோது வெப்பமானிக் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சீவியதும் உருகியதும் போகக் கடைசியில் தட்டுக்கு வந்தது ஆறரை பவுண்டுதான். ஆள்கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் இந்தப் பாதியை மறந்துவிட வேண்டாம்.

முதல் கடையின் கொழுப்பில்லாத துண்டுகள் வீணாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேங்காய் அரைத்துவிட்டுக் குருமா வைத்தோம். இன்னும் ஐந்து பவுண்டு ஃப்ரீசரில் கிடக்கிறது.