செண்டை 14வது மாசம்: பஞ்சாரி நேர்ல கேட்டுட்டு வந்தேன்

கேரளத்து செண்டை கத்துக்க ஆரம்பிச்சு 14வது மாசம். கொழிஞ்சாம்பாறைல வீட்டுப் பின்னாடி ஒரு கருங்கல்லு கிடக்கு, அதுமேல புளியங்கோல வச்சு தினமும் காலைல ஒரு மணிநேரம் தட்டுறேன். முதல் பாடமான கணபதிக்கை எல்லாம் எப்பவோ தாண்டியாச்சு, ஆனா 3 மாசமா பஞ்சாரி மேளத்தோட முதல் காலத்துலயே நிக்குறேன், காலம்னா வேகத்தோட ஒரு படி. பஞ்சாரி 6 அட்சரத் தாளம், அதாவது ஒரு சுத்துக்கு 6 எண்ணிக்கை, மேளத்துல அத இழுத்து முதல் காலத்துல 96 அட்சரமா வச்சிருப்பாங்க, அப்புறம் 48, 24, 12, அஞ்சாங் காலத்துல 6. வேகமா இருக்கற கடைசி காலங்க எனக்கு ஓரளவு வந்துடும், கை தானா ஓடும். 96 தான் வரல. ஆறு ஆறா 16 தடவ எண்ணணும், பத்து பன்னெண்டு தாண்டுனதும் எங்கயோ நழுவிடுது, முடியற எடத்துல நான் மட்டும் தனியா நிப்பேன்.

ஆசான்கிட்ட சொன்னேன். "கூடல்மாணிக்கத்துல சீவேலிக்கு போய் நின்னு கேளு மோனே, அப்புறம் பேசலாம்"னாரு.

கூடல்மாணிக்கம் இரிஞ்சாலக்குடால இருக்கற கோயில், சீவேலின்னா சாமிய யானை மேல வச்சு மேளத்தோட கோயில சுத்தி வர்றது. ரெண்டு நாள் லீவு போட்டு பாலக்காட்டுல ரயிலேறிட்டேன். இரிஞ்சாலக்குடா ஸ்டேஷன் ஊருக்குள்ள இல்ல, கல்லேற்றுங்கரைல இருக்கு, அங்கிருந்து பஸ்.

மறுநாள் காலைல கோயிலுக்குள்ள போனா 17 யானை வரிசையா, முன்னாடி நூறு பேருக்கு மேல மேளக்காரங்க. முன்வரிசைல உருட்டு செண்டை, அவங்களுக்கு நேர் எதிர்ல சின்ன நாதஸ்வரம் மாதிரி குழல், குழலுக்குப் பின்னாடி கொம்பு, செண்டைக்குப் பின்னாடி வீக்கன்னு சொல்ற இன்னொரு வகை செண்டையும், இலத்தாளம்ங்கற பெரிய ஜால்ராவும். நம்ம பக்கம் ஆர்கெஸ்ட்ரான்னா கல்யாண மண்டபத்து லைட் மியூசிக் தான் ஞாபகம் வரும், இங்க பேப்பர் கிடையாது மைக் கிடையாது, நடுவுல நின்னு மேளத்த நடத்தற பிரமாணியோட கோல பாத்தே அத்தன பேரும் வாசிக்கறாங்க, எனக்கு ஆரம்பத்துலயே தொண்டை அடைச்சிடுச்சு.

முதல் காலம் தொடங்குனதும் விரல் ரேகைல எண்ணுனேன், விரலுக்கு நாலு, நாலு விரலுக்கு 16. ரெண்டு ஆவர்த்தனம், அதாவது 96 முழுசா ரெண்டு சுத்து, சரியா போச்சு, மூணாவதுல விட்டுட்டேன். பக்கத்துல ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், அவரு எண்ணவே இல்ல, ஆனா அடி விழுறதுக்கு ஒரு நொடி முன்னாடியே கை மேல போயிடுது. "எப்படிங்க சேட்டா புடிக்கறீங்க"ன்னு கேட்டேன். முன்னாடி நிக்கறவங்கள விட்டுட்டு பின்வரிசை வீக்கன கேக்கச் சொன்னாரு, அவ்ளோதான்.

கண்ண மூடி கேட்டேன். உருட்டு செண்டைலயே காது போயிட்டிருந்ததால இத்தன நாள் இது எனக்கு தெரியவே இல்ல. வீக்கனும் இலத்தாளமும்தான் தாளத்த தாங்கிப் புடிச்சுக்கிட்டு நடக்குது, உருட்டு அதுமேல ஏறி விளையாடுது. நான் கல்லுல தட்டறப்போ கீழ தாங்கறதுக்கு ஆளே இல்லாம மேல வாசிக்கறத மட்டும் வாசிச்சு, மிச்சத்த எண்ணி எண்ணி ரொப்பிட்டிருந்தேன், அப்புறம் நழுவாம என்ன பண்ணும்?

அதுக்கப்புறம் என் கையும் பெரியவர் கை கூடவே போச்சு. முதல் காலம் மட்டுமே ஒரு மணிநேரத்துக்கு மேல போச்சு, அந்த நீளம்தான் எனக்கு பயமா இருந்தது, அன்னிக்கு அது முடியக்கூடாதுன்னு இருந்துச்சு. காலத்த முடிக்கற கலாசம் வந்து ரெண்டாங் காலம் மாறுனப்போ குழல்காரங்க உடம்ப வளைச்சு ஊத, கொம்பு எல்லாம் ஒண்ணா மேல தூக்க, கூட்டமே கைய வீசுது, என் மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அஞ்சாங் காலம் எப்ப வந்துச்சு எப்ப முடிஞ்சுச்சுன்னே தெரியல. வேட்டி வேர்வைல நனைஞ்சிருந்துச்சு, மூணு மணிநேரம் உக்காரவே இல்ல.

வந்ததுல இருந்து தினசரி சாதகப் பயிற்சிய மாத்திட்டேன். அக்கா பையன எதிர்ல உக்கார வச்சு வலந்தலைல, அதாவது செண்டையோட தாளம் தட்டற பக்கத்துல, தாளத்த மட்டும் தட்டச் சொல்றேன், எட்டாவது படிக்கறான், ஒரு வாரத்துல நல்லாவே புடிச்சுக்கிட்டான். நான் எண்ணாம அவன கேட்டு வாசிக்கறேன். அவனுக்கு ஸ்கூல் இருக்கற நாள்ல அவன் தட்டுனத போன்ல ரெக்கார்டு பண்ணி போட்டுக்கறேன், ஆனா அது நேர்ல மாதிரி வரல, நான் வேகம் கூட்டுனா அவன் முறைப்பான், போன் முறைக்காதுல்ல.

நேத்து 10 ஆவர்த்தனம் வாசிச்சதுல 6 சரியா வந்து சேந்துச்சு. ரெண்டாங் காலம் எப்பன்னு ஆசான்கிட்ட இன்னும் கேக்கல.