தாத்தா என்று கேட்டால் அப்பா என்று வாசிக்கவும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் தளத்தில் எங்கள் திரையரங்கைத் திறந்து ஆறு வாரங்களாகின்றன. 48 கதிரைகள். முன்பு அங்கே டியூஷன் வகுப்பு நடந்தது. சுவரோடு பதித்திருந்த கரும்பலகையைப் பெயர்க்க முடியாமல் அதன் முன்னால் திரையைக் கட்டினோம். திரைக்குப் பின்னே யாரோ ஓர் ஆசிரியரின் திரிகோணகணிதக் கணக்கு பாதியில் நிற்கிறது. அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களை அதிகம் அலைக்கழித்தது ரயில். கரையோரப் பாதை ஒழுங்கையின் முடிவில்தான் ஓடுகிறது. கடல் பக்க யன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, உள்ளே இன்னொரு சுவர் எழுப்பியதும் சத்தம் அடங்கியது. அதிர்வு அடங்கவில்லை. ஒத்திகை நாளில், கிணற்றடியில் அசையாமல் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முகம் பெரிதாகத் தெரிகிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. காலிப் பக்கம் போகும் ரயில் கடந்தபோது அந்த முகம் முழுவதும் நடுங்கியது. அவள் அழப்போகிறாள் என்றே ஒரு கணம் நினைத்தேன். புரொஜெக்டர் நின்ற மேசையை எடுத்துவிட்டு, தடித்த ரப்பர் பட்டைகளின்மேல் சீமெந்துப் பீடம் ஒன்றை அமைத்த பிறகே அவள் அமைதியானாள்.

வாடகை, வங்கிக் கடன், தீயணைப்புச் சான்றிதழ் எல்லாம் எந்தத் தொழிலுக்கும் உள்ளவைதான். அவற்றை விடுகிறேன். ஏன் திறந்தோம் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

கொழும்பில் உலகப் படங்கள் பார்க்க வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சு, ஜெர்மன் கலாசார நிலையங்களின் மண்டபங்களில்தான் நான் சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு எட்டாமல் இருந்தவை பக்கத்து வீட்டுப் படங்கள். நல்ல சிங்களப் படங்கள் வெளிநாட்டு விழாக்களுக்காக ஆங்கில சப்டைட்டிலோடு தயாராகின்றன. தமிழ் சப்டைட்டிலோடு ஒன்றைப் பார்க்க எனக்கு வாய்த்ததே இல்லை. நாற்பது ஆண்டுகளாகக் கொழும்பில் வாழும் என் அம்மாவின் சிங்களம் சந்தைக்குப் போதும். ஒரு படத்தின் துக்கத்துக்குப் போதாது.

படம் எடுத்தவர்கள் இந்த மொழி எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார்கள். சிங்கள இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) படத்தைத் தயாரித்தவர் கே. குணரத்தினம், ஒரு தமிழர். இன்னொரு சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துக்குப் போய் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ, 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் எரிக்கப்பட்டது. பார்வையாளர்களாகிய நாம்தான் இன்னும் தனித்தனி மண்டபங்களில் இருக்கிறோம். இது எனக்கு வலிக்கிறது.

ஆகவே சப்டைட்டில்களை நாங்களே எழுதுகிறோம். நானும், நுகேகொடையிலிருந்து வரும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையும். இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, ஆறு விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது எங்கள் கணக்கு. சிங்களத்தில் 'எப்பா' என்று சட்டென முடிகிற மறுப்பு, தமிழில் 'வேண்டாம்' என்று நீள்கிறது. கோபத்தில் பேசும் ஒருவனின் வாய் மூடிய பிறகும் எங்கள் வரி திரையில் நின்றால் கோபம் செத்துவிடும். ஒரு சண்டைக் காட்சிக்கு மட்டும் மூன்று இரவுகள் செலவிட்டோம்.

அதைவிடச் சிக்கல், இரு மொழியிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள். அம்மா அம்மாதான், அக்கா அக்காதான். ஆனால் சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. 'அய்யா' என்றால் அண்ணன். காது ஒன்றைக் கேட்க, கண் வேறொன்றை வாசிக்கும். முதல் காட்சியன்று முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, இன்னும் வாசிக்கத் தெரியாதவள், தாயிடம் உரக்கக் கேட்டாள்: "அம்மா, இந்தத் தாத்தாவுக்கு ஏன் நரைக்கவில்லை?" தாய் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஒரு சிங்களப் பெண் குனிந்து, திருத்தமான தமிழில், "அது அவருடைய அப்பா, மகள்" என்றார். மண்டபத்தில் எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. அந்த இரவு நான் தூங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு தமிழ்ப் படத்துக்குச் சிங்கள சப்டைட்டில் எழுதுகிறோம். முதல் வசனமே 'ஐயா' என்று தொடங்குகிறது. கூலிக்காரர் ஒருவர் காணிக்காரரின் வாசலில் நின்று அழைக்கும் அழைப்பு. சிங்களக் காதுக்கு அது தம்பி அண்ணனைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். 'மஹத்தயா' என்று எழுதலாம் என்கிறார் ஆசிரியை. அதில் மரியாதை இருக்கிறது, அந்தக் குரலில் இருக்கும் பயம் இல்லை என்கிறேன் நான். நேற்று இரவு பத்து மணிவரை அந்த ஒற்றைச் சொல்லிலேயே இருந்தோம். நாளை பின்னேரம் மறுபடியும் வருகிறார்.